தட்டை தின்னும் யூரியா

நேயர்களுக்கு வணக்கம்.

மக்காச்சோளம் அறுத்த வயலில் தட்டையை மடக்கி உழுதுவிட்டு, ஒரே வாரத்தில் சூரியகாந்தி விதைக்கிறோம். அடியுரமும் குறைவில்லாமல் போட்டாயிற்று. 20ஆம் நாள் போய்ப் பார்த்தால் பயிர் வெளிறி, அடியிலைகள் மஞ்சள் தட்டி நிற்கிறது. உரத்தில் கலப்படமோ என்று சந்தேகம் வரும். உரம் நல்ல உரம்தான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

மண்ணுக்குள் கிடக்கும் தட்டைத் துண்டு ஒன்றை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளை நூல் போலப் பூசண இழை ஓடியிருக்கும். தட்டையை மக்க வைக்கும் இந்த நுண்ணுயிர்களுக்கும் உடம்பு வளர்க்கத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். பயிரின் வேர் எட்டுவதற்குள் அவை எடுத்துக்கொண்டுவிடும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1 டன் காய்ந்த தட்டையில் கரிமம் (கார்பன்) ஏறக்குறைய 400 கிலோ, தழைச்சத்து 6 கிலோ அளவுக்குத்தான். கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் உடம்பாக்குகின்றன, மீதி மூச்சாகக் காற்றில் போகிறது. அந்த உடம்பில் 8 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் தேவை ஏறக்குறைய 17 கிலோ. தட்டையில் இருப்பது 6. மீதி 11 கிலோவை மண்ணிலிருந்துதான் இழுக்கும். யூரியாவாகச் சொன்னால் ஏறத்தாழ 24 கிலோ. ஒரே நாளில் நடப்பதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில்தான் இழுவை அதிகம், பயிர் சின்னதாக இருப்பதும் அப்போதுதான்.

அதனால் முடிந்தால் தட்டையைப் பொடியாக நறுக்கி, ஈரம் இருக்கும்போதே விதைப்புக்கு 3, 4 வாரம் முன்னால் மடக்கிவிடுங்கள். அவ்வளவு அவகாசம் இல்லையா, அடியுரத்தில் தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, விதை வரிசைக்குப் பக்கவாட்டில், தாளுக்கு (தட்டைக்கு)க் கீழே மண்ணில் விழும்படி வையுங்கள். தாளின் மேல் யூரியாவைத் தூவினால், தாளில் உள்ள நொதி அதை அம்மோனியாவாக்கிக் காற்றில் விட்டுவிடும். தூவித்தான் ஆக வேண்டுமென்றால் உடனே நல்ல மழையோ பாசனமோ கிடைக்க வேண்டும்.

இனி எண்ணெய் வித்துக்கே உரிய சிக்கல். நுண்ணுயிர்கள் பிடித்து வைத்த தழைச்சத்து எங்கும் போய்விடுவதில்லை. தட்டை தீர்ந்து அவை மடியத் தொடங்கியதும் மண்ணுக்குத் திரும்பி வரும். மஞ்சளைப் பார்த்துப் பயந்து நாம் பூக்கும் நேரத்தில் இன்னொரு கை யூரியா போட்டிருந்தால், அதுவும் இதுவும் சேர்ந்துகொள்ளும். செடி கருகருவென்று பச்சையாக நிற்கும், அறுவடை தள்ளிப்போகும். விதையில் புரதம் ஏறி எண்ணெய் குறையும். பார்க்க அழகான வயல், செக்கில் ஏமாற்றம். ஆகவே சூரியகாந்தியில் மேலுரத்தை மொட்டு கட்டும் பருவத்தோடு, ஏறக்குறைய 30 நாளில், முடித்துவிடுங்கள்.

நிலக்கடலை, சோயாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு இருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அங்கே யூரியாவைக் கொட்டினால் முடிச்சு சோம்பிவிடும்.

தாளைக் கொளுத்துவது பற்றி நீட்டப் போவதில்லை. அதிலுள்ள தழைச்சத்து அநேகமாக முழுதும் புகையாகிவிடும், கந்தகத்திலும் பெரும்பகுதி போய்விடும். கந்தகம் எண்ணெய் வித்துக்கு முக்கியமான சத்து, நாம் அடிக்கடி மறந்துபோகிற சத்தும் அதுதான்.

அப்புறம், மேலுரம் போடப் போகும்முன் எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அடியிலை பச்சையாக இருந்து கொழுந்து வெளுத்திருந்தால் கந்தகம் போதாமல் இருக்கலாம். அதற்கு யூரியா மூட்டையைப் பிரித்துப் பயனில்லை. அம்மோனியம் சல்பேட்டோ ஜிப்சமோதான் தேவைப்படும்.