குளியல் என்றாலே அலறும் குழந்தை: பிடித்து வைத்து ஊற்றலாமா?

அடுத்த கேள்வி, திருப்பூரிலிருந்து ஒரு தாய் அனுப்பியது. படிக்கிறேன். “என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். போன மாதம் வரை குளிக்கும் இடத்தை விட்டு எழுந்துவரவே மாட்டான். இப்போது வெந்நீர் விளாவும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறான். தலைக்கு ஊற்றினால் மூச்சு முட்ட அழுகிறான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால்தான் குளிப்பாட்ட முடிகிறது. நாலு நாள் அழுவான், அப்புறம் பழகிவிடும் என்கிறார் என் மாமியார். அப்படியே விடலாமா?”

விடக் கூடாது அம்மா. பிடித்து வைத்துக் குளிப்பாட்டுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அழுகை நின்றாலும் பயம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கத்திப் பயனில்லை என்று ஓய்ந்திருப்பான், அவ்வளவுதான். இதைப் பிடிவாதம் என்றும் நினைக்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதில் நன்றாகக் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று இப்படி மாறுவது மிகவும் சகஜம். இந்த வயதில்தான் ஞாபகம் வலுக்கிறது, பேச்சு இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஒரே ஒரு நாள் கண்ணில் சோப்பு எரிந்திருக்கும். அந்த எரிச்சலோடு சேர்த்து வாளி, சொம்பு, துண்டு, குளியலறைக் கதவு எல்லாவற்றையும் மனதில் முடிந்து வைத்துக்கொள்கிறான். சொல்லத் தெரியவில்லை, ஓடி ஒளிகிறான்.

அதனால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். உடம்பிலிருந்தே தொடங்குங்கள். டயப்பர் போடும் இடத்தில் புண் இருக்கிறதா, வேர்க்குருவைச் சொறிந்து தோல் உரிந்திருக்கிறதா, கழுத்து மடிப்பில், முழங்கால் மடிப்பில் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடங்களில் சோப்புத் தண்ணீர் பட்டால் சுரீரென்று எரியும். சளி பிடித்திருந்து, காதைப் பிடித்து இழுக்கிறான், இரவில் அழுதுகொண்டே எழுகிறான் என்றால் காதில் வலி இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து சூடு. நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வேலை செய்து தடித்துப்போன உள்ளங்கையை விட்டுப் பார்த்து, இதமாக இருக்கிறது என்று ஊற்றிவிடுகிறோம். குழந்தையின் தோல் மெல்லியது, நமக்கு இதமானது அவனுக்குச் சுடும். முழங்கையை விட்டுப் பாருங்கள், அல்லது மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடாகவும் தெரியக் கூடாது, குளிர்ச்சியாகவும் தெரியக் கூடாது. தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 37, 38 டிகிரி செல்சியஸ். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு வெந்நீரை விளாவுங்கள். எப்போதும் இந்த வரிசைதான். வெறும் வெந்நீர் இருக்கும் வாளிக்குள் பிள்ளை கை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்தையும் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன், குழாயிலிருந்து காலி வாளியில் தண்ணீர் விழும் ஓசை, ஷவர் எல்லாம் சிறிய அறைக்குள் எதிரொலித்து மிகப் பெரிதாகக் கேட்கும். வாளியை நிரப்பி வைத்துவிட்டு, குழாயை மூடிய பிறகு பிள்ளையை உள்ளே கூட்டிச் செல்லுங்கள். தரை வழுக்கினால் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். ஒரு தடவை வழுக்கியதை அவன் லேசில் மறக்க மாட்டான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது யாரோ பின்னால் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அவனுக்குத் தினமும் அப்படித்தான் இருக்கிறது. எப்போது விழும், எவ்வளவு விழும், எப்போது நிற்கும் என்று எதுவுமே அவனுக்குத் தெரியாது. ஆகவே அந்தச் சொம்பை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் தலைக்கு ஊற்றவே வேண்டாம். ஒன்றும் ஆகிவிடாது. ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, கைகால்களைத் துடைத்தால் போதும். வியர்வையாக இருந்தால் தலையையும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அந்த ஒரு வாரமும் தண்ணீரைக் குளியலறைக்கு வெளியே கொண்டுவாருங்கள். முற்றத்திலோ மாடியிலோ ஓர் அகலமான பேசினில் விரற்கடை அளவு தண்ணீர், ஒரு டம்ளர், ஒரு வடிகட்டி, அவனுடைய பொம்மை. பொம்மையை அவன் குளிப்பாட்டட்டும். பொம்மைக்குத் துண்டு போர்த்தட்டும். முதல் நாள் தள்ளி நின்று பார்ப்பான், மறுநாள் விரலை விடுவான், பிறகு தானே உட்காருவான். அவசரப்படுத்தாதீர்கள், ‘பார்த்தாயா, பயமே இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டாம். அவன் காலில் அவனே ஊற்றிக்கொள்ளும் நாள் தானாக வரும்.

ஆனால் அம்மா, அந்தப் பேசினை விட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. ஃபோன் அடித்தாலும், பால் பொங்கினாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கிவிடும், சத்தமே வராது. விளையாடி முடித்ததும் பேசினையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

பிறகு தலைக்கு ஊற்றும் நாள். பசி, தூக்கம் இரண்டும் இல்லாத நேரமாகப் பாருங்கள். உங்கள் முகத்தை அவன் பார்க்கும்படி முன்னால் உட்காருங்கள். மேலே ஒரு நிலா ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். ‘நிலா எங்கே?’ என்றால் நிமிர்ந்து பார்ப்பான். நிமிர்ந்ததும் உங்கள் இடது கையை அவன் நெற்றியில், புருவத்துக்கு மேலே அணைத்து வைத்து, சின்ன டம்ளரால் உச்சியிலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்றில்தான் ஊற்ற வேண்டும். இரண்டிலேயே ஊற்றி ஒரு தடவை ஏமாற்றினாலும் உங்கள் எண்ணிக்கையை அவன் நம்ப மாட்டான். ‘போதும்’ என்று கையைக் காட்டினால் நிறுத்துங்கள். கையில் ஒரு காய்ந்த துண்டைக் கொடுத்து வைத்தால், முகத்தை அவனே துடைத்துக்கொள்வான்.

கட்டிச் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அது காரத்தன்மை உடையது, கண்ணில் பட்டால் கட்டாயம் எரியும். சீயக்காய்த் தூளும் கண்ணை உறுத்தும். குழந்தைகளுக்கான ஷாம்பு கொஞ்சம் போதும், அதுவும் வாரம் இரண்டு முறை.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்குழந்தையைக் காலில் போட்டு அவ்வளவு லாகவமாகக் குளிப்பாட்டியவர் அவராகத்தான் இருக்கும். அந்தக் கைப்பக்குவம் பெரிய விஷயம். ஆனால் இப்போது பிள்ளை உட்கார்ந்து, கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறான். அவரையே பொம்மைக் குளியலுக்குத் துணையாக உட்காரச் சொல்லுங்கள், இருவருக்கும் பிடித்துப்போகும். மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது, இவை மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. வீட்டில் யாரும் ‘சேட்டை செய்தால் தலைக்கு ஊற்றிவிடுவேன்’ என்று மிரட்டவும் கூடாது.

ஓரிரு மாதம் இப்படிச் செய்தும் மாற்றமே இல்லை, அதோடு கை கழுவவும் அலறுகிறான், முடி வெட்ட, நகம் வெட்ட விடுவதில்லை, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்றால், தொடுதலும் சத்தமும் அவனுக்கு அளவுக்கு மீறித் தாக்குகின்றனவோ என்று பார்க்க வேண்டும். குழந்தை மருத்துவரிடம் இவை அனைத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்காகவே அரசு மருத்துவமனைகளோடு இணைந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இயங்குகின்றன. உங்கள் மாவட்ட மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். கட்டணம் கிடையாது, பச்சிளம் குழந்தை முதல் பார்க்கிறார்கள்.