இரவுப் படத்தில் பச்சைப் புள்ளிகள்: திறன்பேசி கேமராவில் லென்ஸ் ஃபிளேர்

[திரையில்: கே.எல்.சி.சி. பூங்காவிலிருந்து இரவில் எடுக்கப்பட்ட இரட்டைக் கோபுரப் படம்]

வணக்கம். திரையில் நீங்கள் காண்பது கோலாலம்பூரில் உள்ள, 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். கோபுரம் தெளிவாகவே விழுந்திருக்கிறது. ஆனால் படத்தின் கீழ்ப்பகுதியில், இருண்ட மரங்களின் மேல், பச்சைப் புள்ளிகள் சில சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேலே உள்ள விளக்குகளின் வரிசையே தலைகீழாகத் திரும்பி நிற்பது தெரியும். லென்ஸ் ஃபிளேர் என்று நாம் பொதுவாகக் குறை சொல்லும் பல கோளாறுகளில் இது ஒரு வகை மட்டுமே. விளக்கிலிருந்து நீளும் ஒளிக்கோடு இன்னொரு வகை. படம் முழுவதும் வெளுத்துப்போவது வேறொரு வகை. காரணம் வேறுபடுவதால் தீர்வும் வேறுபடுகிறது. ஆகவே துணியைத் தேடுவதற்கு முன், வந்திருப்பது எது என்று கண்டறிய வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவைத் திறந்து, திரையைப் பார்த்தபடியே திறன்பேசியை இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். விளக்கு ஒரு பக்கம் நகரும்போது கறை எதிர்ப்பக்கம் நகர்ந்தால், அது கண்ணாடிகளுக்குள் பிறந்த பிரதிபலிப்பு. கறை விளக்கோடு ஒட்டிக்கொண்டு கோடாக நீண்டால், லென்ஸின் மேல் அழுக்கு இருக்கிறது.

[திரையில்: லென்ஸ் அடுக்கின் குறுக்குவெட்டு வரைபடம்]

முதலில் பிரதிபலிப்பை எடுத்துக்கொள்வோம். கேமராவின் அந்தச் சிறிய வட்டத்துக்குப் பின்னால் ஐந்து முதல் எட்டு வரையிலான மெல்லிய லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கும் பின்னால் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடியும், ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சாரும் உள்ளன. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். இதைக் குறைக்கும் பூச்சு முறைக்கு, ஜெர்மனியின் சைஸ் (Zeiss) ஒளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பூச்சுகள் பிரதிபலிப்பை அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் புள்ளி ஏன் தெரிகிறது?

கணக்கு இதுதான். உள்ளே நுழைந்த ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்பி, மற்றொரு பரப்பில் மீண்டும் பட்டுச் சென்சாரை அடைய வேண்டும். அரை விழுக்காட்டில் அரை விழுக்காடு என்பது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. பகலில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் இரவில், விளக்கு தன் அருகிலுள்ள இருட்டைவிட ஒரு லட்சம் மடங்கு பிரகாசமாக இருக்குமானால், அந்த நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இருட்டை மிஞ்சிக்கொண்டு தெரியும். பூச்சு எல்லா நிறங்களையும் ஒரே அளவில் அடக்குவதில்லை என்பதால், எஞ்சிய ஒளி பெரும்பாலும் பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். ஆகவே விலை உயர்ந்த கருவியிலும் இது வரும். கருவி பழுதாகிவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இந்தப் புள்ளி நமக்குச் சாதகமான ஒரு விதிக்கும் கட்டுப்பட்டிருக்கிறது. படத்தின் நடுப்புள்ளியைக் கடந்து, விளக்குக்கு நேர் எதிரே, அதே தொலைவில்தான் அது பெரும்பாலும் விழும். விளக்கு வலது மேல் மூலையில் இருந்தால், புள்ளி இடது கீழ் மூலையில் இருக்கும். எனவே விளக்கைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தால், புள்ளி விளக்கின் மேலேயே படிந்து மறைந்துவிடும். நடுவில் வைக்க முடியாத காட்சியில், புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்: ஒளியூட்டப்பட்ட சுவரின் மேலோ, நெருக்கமான இலைகளின் மேலோ விழுந்தால் கண்ணுக்குப் படாது, உறவினரின் கன்னத்தில் விழுந்தால் ஆயுள் முழுக்கக் கேலிதான்.

[திரையில்: தைப்பூசத்தை முன்னிட்டுப் புறப்படும் வெள்ளி இரதம்]

தைப்பூசத்தை முன்னிட்டு இரவில் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி இரதம், இந்தக் கோளாறு முழு அளவில் வெளிப்படும் காட்சி. இரதத்தில் எரியும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு என்பதால், வானத்தில் ஒரு பச்சை இரதம் தலைகீழாகத் தொங்குவதைப் போன்ற படம் கிடைக்கும். இங்கே ஒளியளவைக் குறைப்பது பெரிதும் உதவும். திரையில் இரதத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். விளக்கின் வெண்மை சென்சாரின் எல்லையை ஏற்கெனவே கடந்துவிட்டிருப்பதால், சற்றுக் குறைத்தாலும் அது வெண்மையாகவே நிற்கும். மங்கலான புள்ளியோ இருட்டுக்குள் அமிழ்ந்துவிடும். கேமராவில் உள்ள இரவு முறை (நைட் மோட்) இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது: பல படங்களை இணைத்து இருண்ட பகுதிகளைத் தூக்கிக் காட்டும்போது புள்ளிகளையும் சேர்த்தே தூக்கிவிடுகிறது. விளக்கு நிறைந்த காட்சியில் அதை அணைத்துவிடுவது நல்லது.

கேமராவின் மேல் ஒட்டப்படும் காப்புக் கண்ணாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திறன்பேசி வாங்கும்போது பலரும் அதைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். தரமான பூச்சு இல்லாத கண்ணாடியாக இருந்தால், உற்பத்தியாளர் பாடுபட்டுக் குறைத்த பிரதிபலிப்பை இரண்டு புதிய பரப்புகள் மீண்டும் கூட்டிவிடும். கீறல் பற்றிய அச்சம் நியாயமானதே; எனினும் இரவுப் படம் முக்கியம் என்றால் அது இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது கோடு. விரலின் எண்ணெய்ப்பசை ஒரே திசையில் தேய்க்கப்படும்போது லென்ஸின் மேல் நுண்ணிய வரிகள் உருவாகின்றன. ஒளி அந்த வரிகளுக்குச் செங்குத்தான திசையில் சிதறுகிறது. இடமிருந்து வலமாகத் தேய்த்திருந்தால் கோடு மேலும் கீழுமாக நீளும். சட்டை நுனியால் துடைப்பது எண்ணெயை அகற்றாது, பரப்பவே செய்யும். மைக்ரோஃபைபர் துணி, அதாவது மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுக்கும் துணி, போதும். திருவிழா நாளில் விபூதி படிந்திருந்தால், முதலில் ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

படம் வெளுத்துப்போவதற்குப் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் சூரியன் காரணமாக இருக்கலாம். உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே குடைபோலப் பிடித்து நிழல் தந்தால் நிறங்கள் திரும்பிவிடும். அகலக்கோண லென்ஸில் மட்டும் விரல் நுனி படத்தில் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இன்னொரு காரணமும் உண்டு. குளிரூட்டப்பட்ட பேரங்காடியிலிருந்தோ எல்.ஆர்.டி. ரயிலிலிருந்தோ வெளியே வந்தவுடன், குளிர்ந்த லென்ஸின் மேல் நம் ஊர் ஈரக்காற்று பனியாகப் படிகிறது. துடைத்தாலும் மீண்டும் படியும்; லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டை அடையும் வரை சில நிமிடங்கள் பொறுத்திருப்பதே வழி. புகைமூட்ட நாள்களில் படம் வெளுத்திருந்தால் அதற்கு எந்தத் துணியும் உதவாது.

[திரையில்: ஒரே காட்சியின் இரண்டு படங்கள் அருகருகே]

இத்தனைக்கும் பிறகு புள்ளி எஞ்சிவிட்டால், படம் திருத்தும் செயலியில் உள்ள அழிப்பான் வசதியைப் பயன்படுத்தலாம். இருண்ட வானத்தில் அது சுத்தமாக வேலை செய்யும். கோயில் கோபுரச் சிற்பங்களின் மேலோ, இல்லாத சிற்பத்தைத் தானே கற்பனை செய்து நிரப்பிவிடும். அதனால், கேமராவைச் சிறிது நகர்த்தி இரண்டாவது படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதில் புள்ளி இடம் மாறியிருக்கும். முதல் படத்தில் மறைந்த பகுதி உண்மையில் எப்படி இருந்தது என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

காணொளியில் நொடிக்கு முப்பது படச்சட்டங்கள் ஓடுவதால் ஒவ்வொன்றாக அழிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. இரதம் நகரும்போது கேமராவை அசையாமல் வைத்தால், புள்ளிகள் எதிர்த்திசையில் ஊர்ந்து கண்ணை உறுத்தும். இரதத்தை எப்போதும் படச்சட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி, அதன் வேகத்துக்கு ஏற்பக் கேமராவை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். புள்ளிகளில் பெரும்பாலானவை இரதத்தின் சொந்த ஒளிக்குள்ளேயே விழுந்துவிடும்.