சிங்கத்தின் பாட்டும் பத்து ஷில்லிங்கும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஞாயிறு மாலை பேசியது. வர முடியாத சிலர் கேட்டதால் நினைவில் நின்றவரை தட்டியிருக்கிறேன்.)

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, ஒரு கல்யாண வரவேற்புக்கு நடுவில் அரைமணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிற நகர்மன்றத் துணைத்தலைவர் அவர்களே, எனக்கு இலக்கணம் சொல்லித்தந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே (பேச்சில் பிழை வந்தால் பாதிப் பொறுப்பு அவருடையது), மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எழுதித்தான் வந்தேன், சட்டைப்பையில் வியர்வைக்கு நனைந்துவிட்டது.

ஆப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டாவைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள்: வாழ்க்கை, இசை, வழக்கு. நான் 40 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எங்கே போய் நிற்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

லிண்டா 1909இல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில், ம்சிங்கா என்ற வறண்ட பகுதியில் பிறந்தார். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் கப்பலேறிப் போனார்களே, அதே நட்டால்தான். சின்ன வயதில் மாடு மேய்த்தார், மிஷன் பள்ளியில் படித்தார், கல்யாண வீடுகளில் பாடினார். அப்புறம் அந்தப் பக்கத்து ஜூலு இன இளைஞர்கள் பலரையும் போல ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை தேடிப் போனார். அங்கே 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' என்று ஒரு குழு. கோடு போட்ட சூட், தொப்பி, பளபளக்கும் ஷூ என்று மிடுக்காக வந்து நிற்பார்கள். தடித்த குரல்கள் பலவற்றைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஒற்றைக் குரலில் லிண்டா பறப்பார். 1939இல் கேலோ கம்பெனியின் ஸ்டூடியோவில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிந்தார்கள். ம்பூபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பாடும்போது, முடியப்போகிற நேரத்தில், ஒத்திகையில் இல்லாத ஒரு மெட்டை லிண்டா சும்மா இழுத்துவிட்டார். சில விநாடிதான். உலகம் பிறகு சம்பாதித்ததெல்லாம் அந்தச் சில விநாடியில்தான்.

தட்டு பத்து வருஷத்தில் ஒரு லட்சம் விற்றது. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். கூடவே அதே கம்பெனியின் கிடங்கில் ஒரு எடுபிடி வேலை. 'கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை' என்று நான் அடிக்கடி சொல்வேன், இன்றைக்கு இன்னும் இரண்டு தடவை சொல்வேன்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைச் சொல்லாமல் போக முடியாது. அவர் வில்லுப்பாட்டுக்காரர். எண்பதுகளில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்து ஒரு ராத்திரி முழுக்கப் பாடவைத்து, 300 ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துப் பெரியப்பா திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறார். டிரைவர் கேசட்டைப் போடுகிறார். இவர் குரல்! பக்கத்தில் இருந்தவரிடம் "இது நான் பாடினது" என்கிறார். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியா அண்ணாச்சி, எம்ஜிஆர் படத்துல நடிச்சதும் நீங்கதானோ?" என்கிறார். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று கேசட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். கேசட்டில் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே இவரும் மூச்சு வாங்குகிறார். பஸ்ஸே கைதட்டுகிறது. கண்டக்டர் வந்து, "எல்லாம் சரி அண்ணாச்சி, டிக்கெட் எடுத்தாச்சா?" என்றாராம். கேசட் அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. சாகிறவரை இதை அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சரி, லிண்டாவுக்கு வருவோம். அவருடைய தட்டு அமெரிக்காவில் பீட் சீகர் என்ற பாடகரின் கைக்குப் போனது. ஜூலு மொழியில் 'உயிம்பூபே', அதாவது 'நீ சிங்கம்'. சீகர் காதில் அது 'விமோவே' என்று விழ, அப்படியே எழுதிக்கொண்டார். அவருடைய குழு பாடி ஹிட்டானது. ஆக்கியோன் என்று போட்டிருந்த பெயரில் ஆளே கிடையாது, புனைபெயர். 1961இல் டோக்கன்ஸ் என்ற குழு, அந்தக் கடைசி மெட்டுக்கு ஆங்கில வார்த்தை போட்டுப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருஷம் லிண்டா சிறுநீரகம் கெட்டு சொவெட்டோவில் இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்க 18 வருஷம் ஆனது. புற்று யாருடையது, குடியிருந்தது யார்? சீகர் ஒருமுறை ஆயிரம் டாலர் அனுப்பியதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது.

இரண்டாவதாக இசை. அந்தப் பாணிக்கே 'ம்பூபே' என்று பெயர் வந்தது, அதிலிருந்து பூனை நடையில் ஆடிப் பாடுகிற 'இசிகதமியா' வந்தது, லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு வந்தது. துணைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் இதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பத்திரத்துக்கு வருகிறேன். லிண்டாவின் மனைவியிடமும், அவருக்குப் பிறகு மகள்களிடமும் பாட்டின் உரிமைக்காக மறுபடி மறுபடி கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஓவன் டீன் என்ற தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் 1911ஆம் வருஷத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தைத் தூசி தட்டினார். ஆசிரியர் இறந்து 25 வருஷம் கழித்து, அவர் எழுதிக்கொடுத்த உரிமை அவருடைய சொத்துக்கே திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. 1962உடன் 25ஐக் கூட்டுங்கள், 1987. இந்தப் பாட்டு வருகிற டிஸ்னியின் 'லயன் கிங்' படம் வந்தது 1994. ஆஹா! 2004இல் லிண்டாவின் சொத்து நிர்வாகி வழக்குப் போட்டார். டிஸ்னி இருப்பது அமெரிக்காவில், எதைப் பிடிப்பது? தென்னாப்பிரிக்காவில் பதிவாகியிருந்த டிஸ்னியின் வணிகச் சின்னங்களை நீதிமன்றம் ஜப்தி செய்தது. மிக்கி மவுஸ் ஜப்தி! என் தொழிலில் பசுமாட்டை ஜப்தி செய்து பார்த்திருக்கிறேன், எலியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். 2006இல் சமரசம், குடும்பத்துக்குப் பணமும் வந்தது. அந்தக் கடைக்குட்டி ஷரத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்ததால்தான் பாம்பு கொஞ்சம் நகர்ந்தது.

நம் நாட்டிலும் 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதினவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டி பங்கை அப்படி எளிதாக எழுதி வாங்கிவிட முடியாது. கூத்துக்காரர், பறை அடிக்கிறவர், ஒப்பாரி பாடுகிற அம்மா என்று எல்லோரையும் இப்போது யாராவது வந்து போனில் படம் பிடித்து ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதனால் நூலகர் அம்மாவிடம் ஒரு மேஜை கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்காருவேன். தாள் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், கையெழுத்துப் போட்டதானாலும் போடாததானாலும். காசு வேண்டாம், டீ வாங்கிக்கொடுத்தால் போதும்.

தம்பி, அந்த 1939 பதிவைப் போடு. மூன்று நிமிஷம்கூட வராது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், கீறல் சத்தம் இருக்கும். கடைசியில் அந்த இழுப்பு வரும்போது கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.