ஒரே மெட்டு, இரண்டு மனிதர்கள்

நடுவர் அவர்களே, அவையோர்களே, வணக்கம்.

'நாவல் இசை நாடகமாகி மேடை ஏறும்போது வாழ்கிறதா, தேய்கிறதா?' இதுதான் தலைப்பு. தேய்கிறது என்று பேசிய சகோதரி உதாரணத்துக்கு எடுத்தது விக்தர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்'. 1862இல் வந்த நாவல். 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதியார் நமக்குத் தமிழில் தந்தாரே, அதுதான். மூன்று மணி நேரத்தில் அடக்கியதில் வாட்டர்லூ போர் போச்சு, கன்னிமாடத்தின் கதை போச்சு, பாரிஸ் சாக்கடைகளின் வரலாறு போச்சு என்று வரிசையாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. ஆனால் போனதைச் சொன்னாரே தவிர, வந்தது என்ன என்று சொல்லவில்லையே!

அதை நான் சொல்கிறேன். ரொட்டி திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பிக்கப் பார்த்ததற்கு மேலே பதினாலு என்று பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்தவன் ழான் வல்ஜான். அடைக்கலம் கொடுத்த பிஷப்பின் வெள்ளிச் சாமான்களையே எடுத்துக்கொண்டு ஓடுகிறான். பிடித்து இழுத்து வருகிறார்கள். பிஷப்போ 'நான் கொடுத்ததுதான், மெழுகுவர்த்தித் தண்டுகளை விட்டுவிட்டுப் போனாயே' என்று அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல் வல்ஜான் தனியாக நின்று பாடுகிறான். பாட்டு முடியும்போது பழைய கைதி செத்துப்போகிறான், புது மனிதன் பிறக்கிறான்.

இப்போது நாடகத்தின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். வாழ்நாள் முழுக்க அவனைத் துரத்திய இன்ஸ்பெக்டர் ழாவேர், அவன் கையிலேயே சிக்குகிறார். சுட்டுத் தள்ளியிருக்கலாம்; வல்ஜான் உயிரோடு விட்டுவிடுகிறான். சட்டத்தைத் தவிர வேறு தெய்வம் அறியாத ழாவேரால் அந்தக் கருணையைச் செரிக்க முடியவில்லை. பாலத்தில் நின்று பாடுகிறார், செய்ன் நதியில் குதிக்கிறார்.

நடுவர் அவர்களே, அந்த இரண்டு பாட்டுக்கும் மெட்டு ஒன்றுதான்! இசையமைப்பாளர் ஷோன்பெர்க் முதலில் வல்ஜானுக்குக் கொடுத்த அதே மெட்டைக் கடைசியில் ழாவேருக்கும் கொடுக்கிறார். இருவருக்கும் கிடைத்தது ஒரே கருணை. ஒருவன் அதை வாங்கிக்கொண்டு பிழைக்கிறான். மற்றவர் வாங்க முடியாமல் சாகிறார். ழாவேரின் மனசுக்குள் நடக்கும் இந்தப் போராட்டத்துக்கு ஹ்யூகோ ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார், அற்புதமாக எழுதினார். மேடையில் யாரும் விளக்கவில்லை. முதல் நாலு சுரம் கேட்டதுமே காது அடையாளம் கண்டுகொள்கிறது. இதைத் தேய்மானம் என்று நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

முதல் பாகத்தின் முடிவையும் பாருங்கள். பாரிஸ் மாணவர்கள் நடத்தப்போகும் கலகத்துக்கு முந்தின இரவு. காதலர்கள், காதல் கைகூடாத எபொனீன், புரட்சி மாணவர்கள், ழாவேர், வல்ஜான் எல்லோரும் அவரவர் கவலையை அவரவர் மெட்டில் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். காகிதத்தில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். ஒரு நகரத்தின் நெஞ்சே மொத்தமாகத் துடிப்பதை அங்கே காதால் கேட்கிறோம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கதையில் வரும் மோசடிக்கார விடுதிக்காரன் தெனார்தியே விஷயத்தில் சகோதரி சொன்னது சரி. போர்க்களத்தில் பிணங்களிடம் திருடியவன், முடிவில் அமெரிக்கா போய் அடிமை வியாபாரம் செய்பவன். அவனை மேடை சிரிப்புக்காரனாக்கியது எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் கவ்ரோஷை நினைத்துப் பாருங்கள். கலகக்காரர்கள் தெருவை மறித்துக் கட்டிய தடுப்பரணுக்கு வெளியே தோட்டா பொறுக்கப் போகிற தெருப் பையன். நாவலிலேயே அவன் பாடிக்கொண்டுதான் போகிறான். பாட்டை முடிப்பதற்குள் குண்டு பாய்கிறது. அந்த இடத்துக்கு ஹ்யூகோவே பாட்டு எழுதி வைத்திருக்கிறார் ஐயா! 1985இல் லண்டன் பார்பிகன் அரங்கில் ஜான் நேப்பியர் அமைத்த சுழல் மேடையில் அந்தத் தடுப்பரணே திரும்பியது. அதுவரை உள்பக்கம் இருந்த நாம், சிறுவனோடு வெளிப்பக்கம் போய்விட்டோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி திரும்பும்போது, மாணவர் தலைவன் ஆன்ஜோல்ராஸ் செங்கொடியின் மேல் தலைகீழாகக் கிடக்கிறான். அன்றைக்கு லண்டன் விமர்சகர்கள் பலர் திட்டித்தான் எழுதினார்கள். ஜனங்கள் கேட்கவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. 1832 ஜூனில் பாரிஸில் நடந்தது இரண்டே நாளில் அடக்கப்பட்ட கலகம். ஹ்யூகோ எழுதாவிட்டால் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்தக் கலகக்காரர்களுக்கு மேடை கொடுத்த பாட்டை 2014இல் ஹாங்காங் தெருக்களில் கான்டனீஸ் வரிகளோடு பாடினார்கள். 2019இல் மறுபடியும் பாடினார்கள். தடுப்பரணில் நின்று தோற்றவர்களின் குரல் இன்னொரு கண்டத்தில், இன்னொரு மொழியில், புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் வாயிலும் ஒலித்தது. ஏழைகளுக்காக எழுதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.