நாணயமும் நாளைய மழையும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முதுநகரிலிருந்து வெயில் பாராமல் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நிகழ்தகவு என்றால் என்ன? நான்கு விதமாகச் சொல்கிறார்கள். நான்கையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, பிரெஞ்சுக் கணிதக்காரர் லாப்லாஸ் சொன்னது. எல்லா விளைவுக்கும் சம வாய்ப்பு இருந்தால், வேண்டியதை மொத்தத்தால் வகு. பகடையில் ஆறு விழ 1/6. சரி, நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆகவே பாதிக்குப் பாதி என்று சொல்லிப் பாருங்கள். சில்வர் பீச்சில் சுண்டல் விற்கும் அண்ணன் சிரிப்பார். ஐப்பசி வானம் வேறு, சித்திரை வானம் வேறு என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. ஜான் கெரிக் என்று ஒரு கணிதக்காரர். தென்னாப்பிரிக்காவில் பாடம் நடத்தியவர். 1940 ஏப்ரலில் டென்மார்க்கில் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஜெர்மன் படை உள்ளே நுழைந்துவிட்டது. மனிதரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். மாமியார் வீட்டுக்குப் போனவர் இன்னொரு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்! (சிரிப்பு) நாமாக இருந்தால் சீட்டு ஆடியிருப்போம். அவர் காசைச் சுண்டினார். முதல் 10 தடவையில் தலை 4. 100-இல் 44. விடவில்லை. 10,000 தடவை சுண்டி முடித்தபோது தலை 5,067. ஏறக்குறையப் பாதி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்!

அந்தப் பொறுமைதான் நம் ஊருக்கு வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம்மைப் புரட்டியது. 2015-இல் வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயல், கூடவே தென்பெண்ணை ஆற்று வெள்ளம். இவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று சொல்ல எண்ணிக்கை வேண்டாமா? நெல்லிக்குப்பத்தில் கொட்டும்போது முதுநகரில் தூறல்கூட இருக்காது. பள்ளிக்கு ஒரு மழைமானி வையுங்கள் என்று அதனால்தான் மேடைதோறும் கேட்கிறேன். தினமும் காலை 8.30-க்கு அதில் சேர்ந்த நீரை அளவுக்குழாயில் ஊற்றி, மில்லிமீட்டர் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். அடிமேல் அடி.

மூன்றாவது, இத்தாலியக் கணிதக்காரர் டி ஃபினெட்டி. நிகழ்தகவு என்பது நம் நம்பிக்கையின் அளவு என்பார். நல்லது, அந்த நம்பிக்கையைத் திருத்திக்கொள்ளவும் நோட்டு வேண்டும். நான்காவது, ரஷ்யக் கணிதக்காரர் கோல்மகோரோவ் 1933-இல் வகுத்த அடிப்படை விதிகள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அது அடுத்த கூட்டத்துக்கு.

மழைமானி வைக்க விரும்பும் பள்ளிகளுக்கான படிவம் வாசலில், தேநீர் மேசைமேல் இருக்கிறது. விடுமுறையில் யார் அளப்பது என்று தலைமையாசிரியர் ஐயா கேட்பார். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கும் அதில் இடம் விட்டிருக்கிறேன் ஐயா.