20 பவுண்டும் ஒரு பேச்சும்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, கோப்பை வழங்க வந்திருக்கும் மாவட்டச் செயலாளர் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் இறுதி ஆட்டம் வரை உட்கார்ந்திருந்த தாய்மார்களே, வணக்கம். பந்தல் போட்டுத் தந்த தோழர்களுக்கும், ஒரு வாரமாக ஓடியாடிய பொருளாளருக்கும் தனி நன்றி.

கால்பந்து வீரர் டாமி பேங்க்ஸ் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: அவருடைய ஆட்டம், அவருடைய பேச்சு.

இங்கிலாந்தில் போல்டனுக்குப் பக்கத்தில் ஃபார்ன்வர்த்தில் 1929-இல் பிறந்தவர். போல்டன் வாண்டரர்ஸ் அணியின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர். அந்த மைதானத்தைச் சுற்றிச் சரளைப் பாதை. அவரிடம் மோதியவர் அதில் போய் விழுவார். தோல் உரிந்துதான் எழுவார். 1958-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அதே ஆண்டு ஸ்வீடன் உலகக் கோப்பையில் பிரேசிலை ஒரு கோல்கூட அடிக்கவிடாத இங்கிலாந்து அணியிலும் இருந்தார்.

சரி, பேச்சுக்கு வருவோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அன்றைக்கு எவ்வளவு பெரிய வீரரானாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆட்டம் இல்லாத கோடையில் அதுவும் குறையும். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாமா என்று முடிவெடுக்க, ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் மான்செஸ்டரில் கூடியது. ஓர் இளைஞர் எழுந்தார். என் அப்பா சுரங்கத்தில் மாடாய் உழைக்கிறார், அவரைவிட நான் அதிகம் வாங்குகிறேன், இதற்கு மேல் கேட்பது நியாயமா என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. பலருக்கும் மனம் இளகியிருக்கும், நம் வாசல் கூட்டங்களில் பார்த்திருக்கிறோமே!

அப்போது பேங்க்ஸ் எழுந்தார். தம்பி, சுரங்க வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனால் உன் அப்பா கரி வெட்டுவதைப் பார்க்க 30,000 பேர் வருவதில்லை. இதோ உட்கார்ந்திருக்கிறாரே தோழர் மேத்யூஸ், அவரை நான் தடுக்கிறேனா என்று பார்க்க 30,000 பேர் வருகிறார்கள் என்றார். மாயக்கால் ஸ்டான்லி மேத்யூஸ் அந்த மண்டபத்திலேயே இருந்தார்! சிரிப்பும் கைத்தட்டலும் அடங்கவில்லை. 1961 ஜனவரியில், வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே அந்தச் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. இங்கிலாந்து அணித் தலைவர் ஜானி ஹேய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கிடைத்தது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், தோழர்களே! ஆனால் அங்கே எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். இங்கே நம் பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி பாதிச் சம்பளத்துக்கு வாய் மூடி நிற்கிறார். அவரைச் சங்கத்துக்குள் கொண்டு வாருங்கள் என்று மேடைதோறும் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உறுப்பினர் படிவம் பந்தல் வாசலில் இருக்கிறது. கோப்பை வாங்கும் அணியில் ஒப்பந்தத் தம்பிகள் நான்கு பேர் ஆடினார்கள். முதல் படிவம் அவர்கள் கையில் போகட்டும்.