ஊசியை ஏன் விட்டார்? – செவிலியர் ஆய்வில் பேட்டி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் தாமே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் ஊசியை விட்டுவிடுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு வினாத்தாள் போதும். ஏன் விடுகிறார்கள் என்று தெரிய, ஆளோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதைத்தான் பண்புசார் ஆய்வு என்கிறோம். செவிலியத்துக்கு இது புதிதல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ செவிலியர் பள்ளியில் பணியாற்றிய சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும், மருத்துவமனையில் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களை ஆராய்ந்தார்கள். அந்தக் களப்பணியில் உருவான முறையைத்தான் 1967இல் நூலாக வெளியிட்டார்கள். கிடைத்த பேச்சிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் முறை அது.

பேட்டி சரியாக அமையாவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் ஆய்வைக் காப்பாற்ற முடியாது. முதல் தடை சீருடை. வார்டில் கவனித்துக்கொண்ட சிஸ்டரே வந்து கேட்டால், "ஒரு நாளும் விடுறதில்லீங்க" என்றுதான் பதில் வரும். ஆகவே உங்கள் வார்டு நோயாளிகளைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரண உடையில் போங்கள். கதவைச் சாத்தக்கூடிய அறை வேண்டும். கூட வந்த மகனோ மருமகளோ அவருக்காகப் பதில் சொல்ல அங்கே இருக்கக் கூடாது.

"ஏன் போடலை?" என்று கேட்டால் அது விசாரணை. "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சாப்பாடு, ஊசி எல்லாம் எப்படிப் போச்சு, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர், "மத்தியான ஊசியை எங்க போடறது? ஒதுங்க இடமில்லை. தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் குறுக்கிட்டு இன்சுலின் பாடம் நடத்தத் தோன்றும். பயிற்சி அப்படி! நடத்தாதீர்கள். ஐந்தாறு நொடி பேசாமல் இருந்தால் அவரே தொடர்வார்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மின்விசிறிக்கு அடியில் பதிவு செய்தால் இன்னும் கூடும். அடுத்த பேட்டிக்கு முன்பே எழுதி முடித்தால்தான், எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை என்பது தெரியும். பிறகு வரிவரியாகக் குறியீடு, அதாவது ஒவ்வொரு வரியும் எதைச் சொல்கிறது என்று ஒரு சுருக்கமான பெயர் இடுவது. மேலே சொன்ன பேச்சுக்கு "ஒத்துழைப்பின்மை" என்று குறியிட்டால் அது மருத்துவமனையின் தீர்ப்பு. "ஊசிக்கு மறைவிடம் தேடுதல்", "வேலைக்காக நோயை மறைத்தல்" என்று எழுதினால் அவர் சொன்னது அதில் இருக்கும். அதே போன்ற கடையில் வேலை செய்தும் ஊசியை விடாத ஒருவரையும் தேடிப் பேசுங்கள். உங்கள் விளக்கம் நிற்குமா என்பது அங்கே தெரிந்துவிடும். எத்தனை பேர் போதும் என்கிறீர்களா? அடுத்தடுத்த பேட்டிகளில் புதிதாக எதுவும் வராதபோது நிறுத்தலாம்.

பேச்சின் நடுவே, "இந்த வாரம் ரெண்டு தடவை வேர்த்துக் கொட்டி மயங்கிட்டேன்" என்று அவர் சொன்னால்? சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். பதிவை நிறுத்துங்கள், சர்க்கரையைப் பாருங்கள், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்படி நேர்ந்தால் யாரை அழைப்பது, எங்கே அனுப்புவது என்பதை ஆய்வுக்கு அனுமதி அளிக்கும் நெறிமுறைக் குழுவுக்குத் தரும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டும்போது நோயாளியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.